விஸ்வநாதன் பங்களா வாசலில் மூன்று காதல்: சுங்கை சிப்புட் படக்காட்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' 1964 பிப்ரவரியில் வெளிவந்தபோது, மலேசியா என்ற நாடு உருவாகி ஆறு மாதம்கூட நிறையவில்லை. அந்தப் படத்தைப் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு மண்டபத்தில் போட்டு, பார்த்தவர்கள் சொன்னதை எழுதிவைத்தோம். அதன் விவரம் இது. பல கதைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகும் காதல் நகைச்சுவைப் படத்தைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நினைத்தோம். இந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணம். ஒன்று, இதில் மூன்று ஜோடி. இன்னொன்று, கதை நடப்பதே ஒரு எஸ்டேட்டில்.

ஊர்

சுங்கை சிப்புட், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் இருக்கிறது. வரலாற்றுப் புத்தகத்தில் இந்த ஊர் இடம் பிடித்தது 1948 ஜூன் 16-ஆம் தேதியால். அன்று சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானது. எங்கள் ஆட்களைக் கேட்டால் அதைவிட முந்திக்கொண்டு அரசியல் தலைவர் துன் சம்பந்தன் பெயரைச் சொல்வார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போன காலத்தில், தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் இந்த ஊர்க்காரர்.

இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. கித்தா (ரப்பர்) மரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் டவுன் ஓரத்துத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பேட்டைகளுக்கு) வந்துவிட்டன. பிள்ளைகள் ஈப்போவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். ஆனால் படத்துக்கு வந்தவர்களில் ஐம்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும், 'நான் இன்ன தோட்டத்து ஆளு' என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். தோட்டமே இல்லாமல் போன பிறகும் அப்படித்தான்.

படம்

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. சின்னமலை எஸ்டேட்டின் முதலாளி விஸ்வநாதன், அதாவது டி.எஸ்.பாலையா. அவருக்கு ஒரு மகன், இரண்டு மகள்கள். மகன் செல்லப்பா (நாகேஷ்) 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று ஒரு படக் கம்பெனி வைத்துக்கொண்டு, படம் எடுக்க அப்பாவிடம் பணம் கேட்டு அலைகிறான். எஸ்டேட் மேனேஜரின் மகள் (சச்சு) அவனுடைய கதாநாயகி. மூத்தவள் காஞ்சனா (நடிகையின் பெயரும் அதுவே), வாசு என்ற பணக்காரப் பையனை விரும்புகிறாள், முத்துராமன்தான் வாசு. இளையவள் நிர்மலாவோடும் (ராஜஸ்ரீ) அவள் அக்காவோடும் மோதியதால் எஸ்டேட் ஊழியன் அசோக்குக்கு (ரவிச்சந்திரன்) வேலை போகிறது. அவன் முதலாளி வீட்டு எதிரிலேயே கூடாரம் அடித்து, வேலை கேட்டுப் பாட்டுப் பாடி, நிர்மலாவின் காதலையும் சம்பாதித்துவிடுகிறான். பணக்கார மாப்பிள்ளைதான் வேண்டும் என்பவர் விஸ்வநாதன். அதனால் அசோக் தன்னைக் கோடீஸ்வரன் மகனாகக் காட்டிக்கொள்கிறான். அந்தக் கோடீஸ்வர அப்பாவாக நரைமுடி ஒட்டிக்கொண்டு வந்து நிற்பவன் அவனுடைய நண்பன் வாசு. வந்த இடத்தில்தான் காஞ்சனாவும் இந்த வீட்டுப் பெண் என்பது வாசுவுக்குத் தெரிகிறது. மற்றதை ஊகித்துக்கொள்ளலாம்.

வசனத்தில் சித்ராலயா கோபுவின் பங்கு பெரிது. ஏ.வின்சென்ட்டின் ஒளிப்பதிவு, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாட்டு. இரண்டே ஆண்டில், 1966-இல், ஸ்ரீதரே இதை இந்தியில் எடுத்தார். காஞ்சனா விமானப் பணிப்பெண்ணாக இருந்து நடிக்க வந்தவர். இதுதான் முதல் படம். ரவிச்சந்திரனுக்கும் இதுதான் முதல் படம். அவர் மலேசியாவில் பிறந்தவர் என்பதை எங்கள் ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) ஒருவர் விளக்கை அணைக்கும் முன்பே எழுந்து அறிவித்துவிட்டார். கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் அசோக்கின் கணக்கில் முன்பணமாகச் சேர்ந்துவிட்டது என்பதைப் பின்னால் வரும் கருத்துகளைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேட்டது எப்படி

ஆளுக்கொரு சீட்டு, அதில் இரண்டே கேள்வி. எந்தக் கதை பிடித்தது? எந்தக் கதையை எடுத்துவிட்டாலும் படம் நிற்கும்? எழுதப் பிடிக்காதவர்கள் வாயால் சொன்னார்கள், அவர்கள்தான் அதிகம். கறிபாப்பும் தேத்தண்ணியும் வந்த பிறகு சீட்டை மறந்துவிட்டு எல்லாரும் பேசத் தொடங்கினார்கள். உருப்படியான கருத்தெல்லாம் அப்போதுதான் கிடைத்தது. பெயர்களை இங்கே தரவில்லை.

துண்டு துண்டாகப் பார்த்தவர்கள்

முதலில் தெரியவந்தது நான் எதிர்பார்க்காத ஒன்று. இந்தப் படத்தை முழுசாகப் பார்த்தவர்கள் மண்டபத்தில் மிகக் குறைவு. பெரியவர்கள் தோட்டத் திடலில் பார்த்தவர்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவில் வெள்ளைத் துணி, முன்னால் பாய். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாரையும் இடம்வலம் மாறிய நிலையில் பார்த்திருக்கிறார்கள். ரீல் அறுந்தால் ஒட்டும்போது கொஞ்சம் போய்விடும். மழை வந்தால் மிச்சம் எல்லாம் போய்விடும். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டியவர்கள் பாதியில் எழுந்து போயிருப்பார்கள். பால்வெட்டு வேலையிலேயே வயதைக் கழித்த ஒரு பாட்டி, படத்தில் இரண்டு ஜோடிதான் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாராம். முத்துராமன் கிழவராக வருவது நினைவிருக்கிறது. அவர் எதற்காக அப்படி வந்தார் என்பது இப்போதுதான் தெரிந்ததாம். "நான் அவரு நெசமாவே கிழவருன்னு இருந்தேன்" என்றார்.

சின்னவர்கள் கைப்பேசியில் பார்த்தவர்கள். செல்லப்பா தன் அப்பாவுக்குத் திகில் கதை சொல்கிற அந்த ஒரு காட்சி மட்டும் எல்லாருக்கும் தெரியும். வாயால் கதவு கிறீச்சிடுவதையும் காற்று வீசுவதையும் நாகேஷ் செய்துகாட்ட, பாலையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறுகிற காட்சி. அது எந்தப் படத்தில் வருகிறது என்பதே ஒரு படிவம் ஐந்து மாணவிக்குத் தெரிந்திருக்கவில்லை.

பல கதைப் படத்துக்கு இப்படி ஒரு வசதி உண்டு. ஒற்றைக் கதைப் படத்தில் நடுவில் அரை மணி போனால் படம் செத்துவிடும். இதில் ஒரு இழை போனால் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளலாம். தோட்டத்துத் திடலில் இந்தப் படம் பிழைத்ததற்கும் இன்று மூன்று நிமிடத் துண்டுகளாக உயிரோடு இருப்பதற்கும் காரணம் ஒன்றே.

பிடித்ததும் வேண்டாததும்

சீட்டுகளைப் பிரித்தபோது ஒரு வேடிக்கை. பிடித்த கதை என்று மிகப் பெரும்பாலோர் எழுதியது செல்லப்பா கதை. எடுத்துவிட்டாலும் படம் நிற்கும் என்று பெரும்பாலோர் எழுதியதும் அதே செல்லப்பா கதைதான். ஒரே ஆள் இரண்டு கேள்விக்கும் அதையே எழுதியிருந்த சீட்டுகளும் இருந்தன.

இதில் ஒரு பழக்கம் தெரிகிறது. தமிழ்ப் படங்களில் சிரிப்புக்காரருக்குத் தனிப் பாதை போட்டுக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். அது கதையோடு ஒட்டவில்லை என்றாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஆகவே நாகேஷைப் பார்த்ததும், 'இது தனிப் பாதை' என்று மனசு தானாக முடிவுகட்டிவிடுகிறது. உண்மையில் இந்தப் படத்தில் அது தனிப் பாதை இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வாசு-காஞ்சனா கதையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களைப் பிடித்தது என்று எழுதியவர்கள் கொஞ்சம் பேர். பாட்டுக்காகத்தான் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பணக்காரப் பையன், பணக்காரப் பெண். தடை எதுவும் இல்லாததால் அவர்கள் காதலுக்குச் சொந்தமாக ஒரு சிக்கல் கிடையாது. அசோக்கின் பொய்யிலிருந்து கடன் வாங்கித்தான் அது ஓடுகிறது.

கூடாரம்

பேச்சு சூடானது அசோக்கின் கூடாரத்தில்தான். அங்கே கருத்து வயதுப்படிப் பிரிந்தது, அதுவும் நான் நினைத்த திசையில் பிரியவில்லை.

மிக மூத்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்ற காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். மேலே சொன்ன பாட்டி சொன்னது: "பங்களா வாசல்ல நின்னு பேசவே எங்க அப்பாவுக்கு நாக்கு வராது. இவன் என்னடான்னா ஆடிப் பாடிக் கேக்குறான்." அவருக்கு அது காதல் படமே இல்லை. முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அதுவும் ராகம் போட்டுக் கூப்பிட்டு, வேலை கேட்பதைப் பார்க்கிற திருப்தி அவருக்குப் போதும்.

நாற்பது, ஐம்பது வயது ஆண்கள் அங்கே சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவர் லாரி ஓட்டுநர். அவர் வளர்ந்த தோட்டம் வீடமைப்புக்குப் போனபோது குடும்பத்தோடு வெளியேறியவர். "கூடாரம் ஏன் போடுறான்னு யாராவது சிரிப்பாங்களா அண்ணே? வேலை போச்சுன்னா வீடும் போச்சு. வேற எங்க போய்ப் படுப்பான்?" என்று என்னைக் கேட்டார். தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டிருப்பது. தொழிலாளர் குடியிருப்புக்கு இன்ன தரம் வேண்டும் என்று 1966-இல் ஒரு சட்டம் வந்தது. 1990-இல் அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. தண்ணீர், கழிப்பறை, சுவர் பற்றியெல்லாம் கேள்வி கேட்க அவை இடம் கொடுத்தன. வேலை முடிந்த பிறகு அந்த வீடு யாருக்கு என்ற இடத்தில் தொழிலாளிக்கு எதுவும் கிடைக்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் படம் பிடித்தவர்கள் இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அந்த ஓட்டுநருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கூடாரத்தைப் பார்த்ததும் அவர் பார்த்தது வேறு ஒன்று.

கிராணி ஐயா இதை ஏற்கவில்லை. வேலை போனால் சங்கத்துக்குப் போக வேண்டும், தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-லேயே வந்துவிட்டது, பாட்டுப் பாடினால் வேலை கிடைக்குமா என்றார். "சங்கத்துக்குப் போனவங்களுக்கு மட்டும் கெடச்சிச்சா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அந்தக் கிளைப் பேச்சு கால் மணி நேரத்துக்கு மேல் போனது. அது படத்தைப் பற்றியது இல்லை என்பதால் இங்கே விடுகிறேன். ஆனால் முக்கியமானது.

இளம் பெண்களுக்குக் கூடாரம் வேறு விதமாக உறுத்தியது. வேலை கேட்கிற சாக்கில் ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் நாள் கணக்கில் உட்கார்ந்து அவளைச் சீண்டுகிறவனை அவள் ஏன் காதலிக்க வேண்டும்? "வேலை கேக்குறாரா, பொண்ணு கேக்குறாரா, முதல்ல அதைச் சொல்லட்டும்" என்று அந்த மாணவி கேட்டதும் பாட்டிமார்கள் சிரித்துவிட்டார்கள். கோபமாகக் கேட்ட கேள்வி அது. என் பார்வையில் அன்று மாலை கேட்ட கேள்விகளில் கூர்மையானதும் அதுதான். படம் முடியும்போது அசோக் மருமகன் ஆகிவிடுகிறான். அவன் கேட்ட வேலை என்ன ஆனது என்று படம் கவலைப்படவில்லை. லாரி ஓட்டுநரும் மாணவியும் எதிரெதிர் பக்கத்திலிருந்து வந்து தொட்ட இடம் ஒன்றே. வேலைக்கான கோரிக்கை கல்யாணத்தில் கரைந்துவிடுகிறது. அவருக்கு வேலை பக்கம் ஏமாற்றம், அவளுக்குப் பெண் பக்கம் ஏமாற்றம்.

எங்கே அந்த ஆட்கள்

பெட்டிக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, எல்லாம் பேசி ஓய்ந்த நேரத்தில் சாதாரணமாக ஒன்று சொன்னார். எஸ்டேட் படம் என்கிறீர்கள், எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒருத்தர் கதைகூட இல்லையே என்று. உண்மை. முதலாளி குடும்பம், மேனேஜர் குடும்பம், ஓர் ஊழியன், பட்டணத்துப் பணக்காரன். மூன்று காதலில் ஒன்றுகூட லயத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் இதைச் சொன்னவர் குறையாகச் சொல்லவில்லை. "நல்லதாப் போச்சு, இருந்திருந்தா அழ வச்சிருப்பாங்க" என்று முடித்தார். சிரிப்புப் படத்தில் ஏழைக்கு இடம் இல்லாமல் போவதைவிட, இடம் கிடைத்துக் கண்ணீருக்குப் பயன்படுவதுதான் அவருக்குச் சலிப்பு. அரை நூற்றாண்டாகப் படம் பார்த்தவர் சொல்கிறார், நான் வாதாடவில்லை.

மூன்று இழையும் முடிச்சிடும் இடம்

சிங்கப்பூரில் வேலை செய்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு தம்பி, 2003-இல் ரிச்சர்ட் கர்ட்டிஸ் எடுத்த 'லவ் ஆக்‌சுவலி'யைக் கொண்டுவந்து ஒப்பிட்டார். அதில் லண்டனில் ஏறக்குறைய பத்துக் காதல் கதைகள், கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க ஒன்றாக ஓடுகின்றன. படம் ஹீத்ரோ விமான நிலையத்தில் தொடங்கி அங்கேயே முடிகிறது. ஒருவருக்கு ஒருவர் அண்ணன், தங்கை, சிநேகிதர், ஒரே அலுவலகம் என்று உறவு இருக்கும். ஆனால் ஒருவர் கதையில் நடப்பது இன்னொருவர் கதையைப் பெரும்பாலும் அசைப்பதில்லை. தம்பிக்கு அது பிடித்திருக்கிறது. ஸ்ரீதர் படத்தில் எல்லாம் ஒரே வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறது என்று அவருக்குக் குறை.

அந்தக் குறையைக் கேட்டபோதுதான் எனக்கு இந்த நிகழ்வு முழுவதும் என்ன சொல்கிறது என்று பிடிபட்டது. இந்தப் படத்தில் மூன்று கதையையும் சேர்த்துக் கட்டுவது காதல் இல்லை, விஸ்வநாதனின் பணம். மூன்று பேரும் அவரிடம் ஏதோ ஒரு கதையை விற்கத்தான் வருகிறார்கள். அசோக் விற்பது இல்லாத கோடீஸ்வர அப்பாவை. வாசு விற்பது அந்த அப்பாவின் நரையை. செல்லப்பா விற்பது இன்னும் எடுக்காத ஒரு படத்தை. அதனால்தான் செல்லப்பா கதை தனிப் பாதை இல்லை என்றேன். மற்ற இருவரும் அது பொய் என்று விஸ்வநாதனுக்குத் தெரியாமல் விற்கிறார்கள். செல்லப்பா மட்டும் இது கதைதான் என்று அப்பாவுக்குத் தெரிந்த நிலையில் உட்காரவைத்து விற்கிறான். அதற்கும் அவர் நடுங்குகிறார். கதை என்று தெரிந்தே நடுங்குகிறவர், கதை என்று தெரியாதபோது எப்படி விழுவார் என்பதற்கு அந்தக் காட்சியே ஒத்திகை. அதை எடுத்துவிட்டால், கண்டிப்பான எஸ்டேட் முதலாளி ஒட்டவைத்த நரைமுடிக்கு ஏமாறுவதை நாம் நம்ப மாட்டோம். படம் நிற்காது.

பாலையாவைப் பிடித்தது என்று ஒருவரும் சீட்டில் எழுதவில்லை. அவருக்குக் காதல் இல்லையே, கேள்வியிலேயே அவருக்கு இடம் இல்லை. ஆனால் வாய்ப்பேச்சில் எல்லாரும் எதற்கும் அவரிடம்தான் போய் நின்றார்கள். பாட்டி, ஓட்டுநர், கிராணி, மாணவி எல்லாரும் அவரைச் சுற்றியேதான் தங்கள் வாதத்தைக் கட்டினார்கள். சம்பளம், வீடு, கோயில் திருவிழாவுக்கு விடுமுறை, பிள்ளைக்கு எழுதித்தரும் கடிதம், எதுவானாலும் மேட்டு பங்களாவில் போய் முடிந்த ஊரில் வளர்ந்தவர்கள், இந்தப் படத்தின் கட்டமைப்பைப் பாடம் படிக்காமலே புரிந்துகொண்டார்கள். லண்டன் படத்தில் எல்லாருக்கும் மேலே அப்படி ஒருவர் இல்லை. அது அந்தப் படத்தின் பலவீனம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஒரு கதையை உருவினால் மற்றவை அப்படியே இருக்கும். இங்கே விஸ்வநாதனை உருவினால் மூன்றும் சரிந்துவிடும்.

ஒரு மறுப்பு

கிராணி ஐயா இதை ஒரேயடியாக மறுத்தார். ஸ்ரீதர் அதுவரை கண்ணீர்க் கதைகளால் பெயர் வாங்கியவர். ஒரு மாறுதலுக்குச் சிரிக்க வைக்கப் படம் எடுத்தார், வண்ணத்தில் எடுத்தார், ஓடியது. இதில் தோட்டத்து அரசியலைத் தேடுவது நம் ஊர்க்காரர்களின் வியாதி என்றார். அவர் தோட்ட அலுவலகத்துக்குள்ளிருந்து பார்த்தவர். சம்பளப் புத்தகம் அவர் கையில் இருந்தது. பங்களாவுக்கு அவர் போனது உட்கார்ந்து பேச. அவருக்கு விஸ்வநாதன் ஒரு அசட்டு அப்பா. வெளியில் நின்றவர்களுக்கு விஸ்வநாதன் ஒரு முதலாளி. படம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. அவர் சொல்வதில் இருக்கும் எச்சரிக்கையை நான் எடுத்துக்கொள்கிறேன்: இந்த மண்டபத்தில் கிடைத்தது இந்த மண்டபத்தின் கருத்து மட்டும்.

அதனால் இதே படத்தை அடுத்து ஈப்போவில், தோட்டத்தைப் பார்த்தே இராத பிள்ளைகள் நிறைந்த ஒரு தாமானில் போடப் பேசிவருகிறோம். சீட்டில் மூன்றாவதாக ஒரு கேள்வி சேரும்: விஸ்வநாதனிடம் யார் எதை விற்றார்கள்? மாணவி தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கிராணி ஐயாவும் வருகிறார். ரவிச்சந்திரன் எங்கே பிறந்தார் என்பதைப் படம் முடிந்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.